ஆள் தேடி வந்தவரும் தேடிப்போன சனங்களும்

மிஷனரி வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். கப்பல் வருகிறது. இளைஞர் ஒருவர் இறங்குகிறார். மொழி தெரியாது, ஊர் தெரியாது. அவர் ஆள் தேடுகிறார், ஆள் கிடைக்கிறது. கிடைத்த ஆள் யார், அவன் ஏன் வந்தான், வந்தவனுக்கு என்ன ஆனது என்று கேட்டால் அந்தப் பக்கம் பக்கமான வரலாற்றில் பதில் அரைப் பத்திக்குமேல் வருவதில்லை. இந்தக் கட்டுரை அந்த அரைப் பத்தியைப் பற்றியது.

தமிழ் எம்.ஏ. படித்த நம்மில் பலருக்கு சீகன்பால்குவைத் தெரியும். 'ஐரோப்பியர் தமிழ்த்தொண்டு' என்ற தலைப்பில் பத்து மதிப்பெண் கேள்வி அவர். அச்சகம் கொண்டுவந்தார், தாள் ஆலை வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். எனக்கும் வகுப்பில் இவ்வளவுதான் சொன்னார்கள். அவரிடம் முதலில் பாடம் கேட்க உட்கார்ந்தது யார் என்று வாத்தியாரும் சொல்லவில்லை, பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் பயிற்சி பெற்றவர். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். கூட வந்தவர் புளூட்சோ. தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர்களின் வியாபாரக் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய இடம். கோட்டைக்காரர்களுக்கு மிளகும் துணியும்தான் வேலை. 'நீங்க எதுக்குய்யா வந்தீங்க?' என்கிற மாதிரிதான் அந்த இரண்டு இளைஞர்களையும் பார்த்தார்கள். 1708 கடைசியில் தளபதி ஹாசியுஸ் சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார். நான்கு மாதம் சிறை.

இந்த நிலைமையில் அவர் ஆள் தேடிய விதத்தைப் பார்க்கலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். அழகப்பன் என்ற துபாஷி பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். பாஷை கொஞ்சம் வந்ததும் தெருவுக்கு இறங்கினார். சுற்றியுள்ள கிராமங்களுக்கு நடந்தார். சத்திரத்திலும் மரத்தடியிலும் கோயில் பக்கத்திலும் கூடியவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், வாரநாளில் வினாவிடைப் பாடம், மிச்ச நாளெல்லாம் நடை. வாரம் திரும்பினால் மறுபடி அதே சுற்று.

கேட்டவர்கள் நிறைய. பிராமணர்கள் வந்து வாதம் செய்தார்கள். அந்த வாதங்களை அவர் எழுதிவைத்தார். 1719இல் அது லண்டனில் ஆங்கிலப் புத்தகமாகவே வந்துவிட்டது. தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி அவர்கள் எழுதிய பதில்களை மொழிபெயர்த்தார். அவையும் 1714இலும் 1717இலும் ஹாலேயில் அச்சாயின. பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் எழுத்தறிவு வாய்த்த சாதிக்காரர்கள். ஆக, வாதம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களின் பேச்சு பத்திரமாக இருக்கிறது.

தங்கியவர்கள் யார்? 1707 தொடக்கத்தில் இரண்டு மிஷனரிகளும் ஊரிலிருந்த ஐரோப்பியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். உங்கள் வீட்டு அடிமைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் எங்களிடம் அனுப்புங்கள் என்றார்கள். அந்த அடிமைகள் எசமான் வீடுகளில் புழங்கிய போர்த்துக்கீசியம் தெரிந்தவர்கள். 1707 மே 12 அன்று அவர்களில் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. தரங்கம்பாடி மிஷனின் முதல் அறுவடை என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஆகஸ்டிலேயே புதிய எருசலேம் என்ற சிறு கோயிலும் கட்டி முடிந்தது.

நான் படித்த வரலாறுகளில் அந்த ஐந்து பேரும் 'ஐந்து அடிமைகள்' என்றே வருகிறார்கள். துபாஷிக்குப் பெயர் உண்டு, தளபதிக்குப் பெயர் உண்டு, வந்த கப்பலுக்குக்கூடப் பெயர் உண்டு. இந்தியாவில் புராட்டஸ்டண்ட் சபை என்று ஒன்று தொடங்கக் காரணமான ஐந்து மனிதர்களுக்கு மட்டும் எண்ணிக்கை. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் பிள்ளைகளையும் தங்களையும் விற்றுக்கொண்ட குடும்பங்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இரண்டு மணி நேரப் பாடத்தில் அவர்கள் என்ன கேட்டார்கள்? தினமும் இரண்டு மணி நேரம் எசமான் கண்ணில் படாமல் ஒரு மனிதனாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? வாதத்தை எழுதிவைத்த அதே பேனா இதை எழுதவில்லை.

ஆள் தேடியவர்கள் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தால் நம் சனங்கள் கிடைத்த பொருள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். 'அரிசிக் கிறித்தவன்' என்ற வசவு முளைப்பதும் இந்தப் பார்வையிலிருந்துதான். மறுபக்கத்திலிருந்து பார்ப்போம்.

ராஜநாயக்கன் என்று ஒருவர். 1700இல் பிறந்த பறையர். கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சை ராஜாவின் படையில் வீரர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் எப்படியோ அவர் கைக்கு வந்தது. அவரே வாசித்தார். வாசித்துவிட்டு 1727வாக்கில் அவரே தரங்கம்பாடி மிஷனைத் தேடிப்போனார். எந்த வெள்ளைக்காரரும் அவரை மரத்தடியில் பிடித்துப் பேச்சுக் கொடுக்கவில்லை. தஞ்சைச் சீமைக்குள் மிஷனரிகள் நினைத்தபடி நுழைய முடியாத காலத்தில் அங்கே போய்ச் சபைகளை உருவாக்கியது இவர்தான். அடி வாங்கினார், மிரட்டல் வாங்கினார், 1771இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

ஏன் உபதேசியாராகவே? அங்கேதான் கதை இருக்கிறது. 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளர் தரங்கம்பாடி மிஷனின் முதல் தமிழ்ப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். 1741இல் தியோகு பெற்றார். ராஜநாயக்கனின் பெயரும் பேச்சுக்கு வந்தது. பறையன் கையால் நற்கருணை வாங்க மாட்டோம் என்று சாதிக் கிறித்தவர்கள் நின்றார்கள். மிஷனரிகள் அவர்களோடு மோதவில்லை. அவருடைய உழைப்பைப் புகழ்ந்து கடிதம் எழுதினார்கள், பட்டம் கொடுக்கவில்லை. அப்பத்தையும் ரசத்தையும் எல்லோருக்கும் பொதுவென்று வைத்த மதத்தில், அதை எடுத்துக் கொடுக்கும் கைக்குச் சாதி பார்த்தார்கள். சபைக்குள்ளே தனித்தனியாக உட்கார்ந்தார்கள். ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாதென்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்ச் சபைகளில் சண்டையே நடந்தது. ஐந்து அடிமைகள் முழுக்குப் பெற்று நூற்று இருபத்தாறு வருசம் கழித்து!

அடுத்தது மயிலாடி. திருவிதாங்கூரின் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே மகராசன் என்ற சாம்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். வழியில் தஞ்சாவூரில் உறவினர்களைப் பார்க்கத் தங்கியபோது சபை அறிமுகமானது. வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். சும்மா இருக்கவில்லை, சொந்த சனங்களைச் சேர்த்தார், தொல்லைகள் பட்டார். எங்களுக்குச் சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்று கேட்டது அவர்தான். லண்டன் மிஷன் சங்கத்து ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்துக்கொண்டிருந்தார். 1806இல் அவர் மயிலாடிக்கு வந்தது இந்த அழைப்பின் பேரில். 1809இல் கோயில் எழும்பியது. 1816இல் ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போகும்போது சபையை வேதமாணிக்கத்தின் கையில்தான் ஒப்படைத்தார். சார்லஸ் மீட் வந்து சேரும்வரை சுமார் இரண்டு ஆண்டு ஒரு சாம்பவர் அந்தச் சபைகளை நடத்தினார்.

இங்கே தேடியது யார், கிடைத்தது யார்? மிஷனரிதான் நம் ஆளுக்குக் கிடைத்தார்.

வடக்கேயும் இதே கதைதான். பஞ்சாபில் சியால்கோட் பக்கம் தித் என்ற சூஹ்ரா, தோல் வியாபாரி, கால் ஊனமானவர். 1873இல் அமெரிக்க மிஷனரியிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார். கொடுக்கவே மிஷனரிக்குத் தயக்கம். வாங்கிக்கொண்டதும் எங்களோடு இரு என்றார் மிஷனரி. தித் கேட்கவில்லை, ஊருக்குத் திரும்பினார். முதலில் மனைவி, மகள், பக்கத்து வீட்டார் இரண்டு பேர், பிறகு கூட்டம் கூட்டமாகத் தன் சனம் என்று அழைத்து வந்தார். மிஷனரிகள் மேல்சாதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சனங்கள் தாங்களாக வந்து கதவைத் தட்டினார்கள்.

வந்தது எதற்கு? எழுத்துக்கு, மரியாதைக்கு, எசமானைத் தாண்டிப் போய்ச் சொல்ல ஓர் இடத்துக்கு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வயிற்றுக்காக வந்தான் என்று சொல்கிறவன், அந்த வயிற்றைக் காயப்போட்டது யார் என்று சொல்வதில்லை. வந்த இடத்திலும் சாதி நின்றது உண்மை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவராகிப்போனவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவர்களுக்குத் திறக்கவில்லை, 2022இல் விசாரிக்க ஓர் ஆணையம் மட்டும் அமைத்தார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று அரசாங்கம் சொல்கிறது. போகவில்லை என்று ராஜநாயக்கன் தன் வாழ்க்கையால் சொல்லி முந்நூறு வருசம் ஆகப்போகிறது.

சேரிகளில் இரவுப் பள்ளி நடத்தும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் வாரந்தோறும் அப்படிப் போகிறவள்தான். ஆளே வரமாட்டேங்குது என்று நாம் சலித்துக்கொள்கிறோம். நமக்கு முன்னாலேயே அந்தத் தெருவில் படிக்கத் துடித்த ஒருவர் இருந்திருப்பார், பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்த கிழவி ஒருத்தி இருந்திருப்பாள். அவர்களை முதலில் விசாரியுங்கள். பள்ளியை அவர்கள் கையில் கொடுங்கள்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பழைய சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடுகள், கல்லறைப் பதிவேடுகள் கரையான் தின்னக் கிடக்கின்றன. கேட்டு வாங்கிப் பாருங்கள். உபதேசியார், வேதாகமப் பெண், வாத்தியார் என்று தொழில் மட்டும் எழுதியிருக்கும் இடத்தில் ஆளின் பெயரைத் தேடுங்கள். பாட்டிமார்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், 'நம்ம வீட்ல முதல்ல படிச்சது யாரு பாட்டி?' என்று. சொல்வதை அப்படியே, அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கங்களில் போடலாம்.