தப்பிச் சென்றோரும் தங்கிவிட்டோரும்

லப்பைக்குடிக்காட்டை ஒட்டிச் செல்லும் வெள்ளாற்றைக் கோடையில் கண்டோர் அறிவர்: ஆறு என்ற பெயருக்கு அங்கே எஞ்சியிருப்பது பெரும்பாலும் மணலே. ஆயினும் இவ்வட்டாரத்தைக் களமாகக் கொண்டு கதை எழுதப் புகுவோர், கதைத்தலைவனை இரவில் தப்புவிக்க வேண்டுமாயின் பெருவெள்ளத்தையும் இடிமின்னலையும் வரவழைத்து விடுகின்றனர். மணலில் பதிந்த காலடித் தடம் விடிந்தபின் தன்னைக் காட்டிக்கொடுக்குமே என்று ஓடுபவன் கொள்ளும் அச்சம் வெள்ளத்தினும் கொடிதன்றோ?

வரலாற்றில் தப்பியோட்டங்கள் அழகாக நிகழ்வதில்லை. இவ்வூருக்கு வெகு தொலைவில் இல்லாத வாலிகண்டபுரத்தில், 1751-ஆம் ஆண்டு, முகம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயப் படை, சந்தா சாகிபுக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முன் நிலைகுலைந்து ஓடியது. இராபர்ட் கிளைவும் அப்படையோடு இருந்தார். ஓடியவர்கள் இறுதியில் திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்தனர். மறு ஆண்டே காட்சி மாறிற்று. 1752 ஜூனில் திருவரங்கத்தில் முற்றுகைக்குள் அகப்பட்ட சந்தா சாகிபு, தம்மைத் தப்பவிடுவதாக வாக்களித்த தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிச் சென்றார். விலங்கிடப்பட்டுத் தலை வெட்டப்பட்டார். குதிரைக் குளம்பொலி இல்லை, சுரங்கவழி இல்லை. ஒரு வாக்குறுதியும், அதை நம்பியாக வேண்டிய நெருக்கடியுமே இருந்தன. (சுரங்கவழி இல்லாத கோட்டையை நம் புதினங்களில் காண்பது அரிது என்பது வேறு செய்தி!)

அதற்காக வியப்பையே விலக்க வேண்டும் என்கிறோமா? இல்லை. திருத்தூதர் பணிகள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் பேதுருவின் சங்கிலிகள் கழன்று விழுகின்றன. இரும்பு வாயில் தானே திறக்கிறது. ஆனால் தானே திறக்காத கதவு ஒன்றும் அங்கே உண்டு. நண்பர் வீட்டுக் கதவைத் தட்டும் பேதுருவின் குரலை அறிந்த பணிப்பெண் ரோதி, மகிழ்ச்சி மிகுதியால் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடிவிடுகிறாள். வானதூதரை நாம் நம்புவதற்கு அந்தப் பெண்ணின் மறதியும் துணைசெய்கிறது. லூக்கா அத்தோடு நிறுத்தவில்லை. பொழுது விடிந்ததும் காவலர்கள் விசாரிக்கப்பட்டுக் கொலைத் தண்டனை பெறுகின்றனர். எத்தனை மறையுரைகள் அந்த வரியைத் தாண்டிச் சென்றிருக்கின்றன! பேதுரு பிழைத்தார், அவரைக் காத்துநின்ற கூலிப் போர்வீரர் மாண்டனர். பவுலும், தமஸ்கு நகர மதிலிலிருந்து கூடையில் இறக்கப்பட்டதைக் கொரிந்தியருக்கு எழுதுகையில், தம் வலுவின்மையைப் பேசும் இடத்தில்தான் வைக்கிறார், வீரச்செயலாக வைக்கவில்லை.

இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை நம்மவர் திருக்காவலூர் என்றறிவர். அங்கே பணியாற்றிய வீரமாமுனிவர் இதே சிக்கலை எதிர்கொண்டவர். எகிப்துக்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பத்தின் பயணத்தை மத்தேயு சில வரிகளில் முடித்துவிடுகிறார்: கனவு, இரவு, புறப்பாடு. பிற்காலப் புனைநூல்கள் பணிந்து வளையும் பேரீச்ச மரத்தையும் வணங்கும் நாகங்களையும் வழியெங்கும் நிரப்பின. 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியில், புனித வளனைத் தலைவராக்கிய முனிவர், காப்பிய மரபுக்கேற்ப அப்பயணத்தை நீட்டினார். இடையிடையே யோசுவா முதலியோரின் வெற்றிக் கதைகள் விரிகையில், துரத்தப்படும் குடும்பத்தின் பதற்றம் தளர்ந்துவிடுகிறது என்பதே நம் கருத்து. புலவர்கள் சினங்கொள்ளக்கூடும்.

ஆனால் ஒன்றை முனிவர் விட்டுவிடவில்லை. தப்பிய ஒரு குழந்தைக்காகத் தப்பாத குழந்தைகளை மத்தேயு மறைக்கவில்லை. இராகேலின் அழுகையை அருகிலேயே வைத்தார். முனிவரும் 'குழவிகள் வதைப் படலம்' எனத் தனிப் படலமே அமைத்தார். எகிப்தின் எல்லையைக் கடந்தோரோடு நின்றுவிடாமல், பெத்லகேமின் வீடுகளுக்கும் அவர் நம்மை அழைத்துச் செல்கிறார். ஓட வழியின்றி, முன்கூட்டி எச்சரிக்கும் கனவும் வாய்க்கப்பெறாமல், அங்கே தாய்மார் அமர்ந்திருக்கின்றனர்.