கல்லில் தொடங்கிய கணக்கு

திரிங்காப் பக்கம் போய்ப் பாருங்கள். கோஸ் மூட்டைகளையும் தக்காளிக் கூடைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து மூட்டையைத் தோளில் போட்டு மேடு ஏறுகிறவர்களும் உண்டு. நாளெல்லாம் பாரம் சுமக்கிற உடம்பு அது. உரம் இருக்கிறது, சகிப்புத்தன்மை இருக்கிறது. ஆனால் ஜிம்மில் ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பையனுக்கு வருகிற மார்பும் தோளும் அவர்களில் பலருக்கு வருவதில்லை. ஏன்?

சாப்பாடும் ஓய்வும் போதாது என்பீர்கள். உண்மைதான். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. மூட்டையின் எடை நேற்றும் அதே, இன்றும் அதே. பழகிப்போன பாரத்துக்காக உடம்பு புதிதாகச் சதை போடுவதில்லை.

நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் விட்டு வந்த தென்மாவட்டக் கிராமங்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. இளவட்டக்கல்லைத்தான் சொல்கிறேன். அதைத் தூக்கினால்தான் பெண் கொடுப்பார்கள் என்ற பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது தூக்கிய முறை. குந்தி உட்கார்ந்து கல்லைக் கட்டிப்பிடித்து முதலில் முழங்கால், பிறகு நெஞ்சு, பிறகு தோள், கடைசியில் முதுகுக்குப் பின்னால் போடுவது. கல்லின் எடையைக் கூட்ட முடியாதல்லவா? அதனால் உயரத்தைக் கூட்டினார்கள். திருநெல்வேலிச் சீமையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடத்தும் வடலிவிளையில் சிறியதும் பெரியதுமாகப் பல எடைகளில் கற்கள் உண்டு. சின்னக் கல்லைத் தாண்டித்தான் பெரிய கல்லுக்குப் போகவேண்டும்.

கிரேக்க நாட்டிலும் இப்படி ஒரு கதை. கி.மு. 6ஆம் நூற்றாண்டு மல்லன் மைலோ, ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கிச் சுமந்தானாம். கன்று காளையானபோதும் தூக்கினானாம். அழகான கதை. ஆனால் கன்று வளர்கிற வேகத்துக்கு மனிதச் சதை வளராது!

எடையை நம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் வழி செய்தது, தட்டு மாட்டும் இரும்புக் கம்பி. அதற்கு மருத்துவக் கணக்குப் போட்டவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காலில் அடிபட்ட சிப்பாய்கள் சிகாகோ மருத்துவமனையில் குவிந்து கிடந்தார்கள். காயம் பட்ட காலுக்குப் பாரம் ஆகாது என்று பலரும் எண்ணிய காலம். டிலோர்ம் அந்தக் கால்களுக்கே எடை கட்டித் தூக்க வைத்தார். 1945இல் ஆய்வை வெளியிட்டார். பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற, பதினோராவது முறை முடியாத எடை எது என்று முதலில் கண்டுபிடிப்பார். பிறகு வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து அதை மூன்று செட்டாகச் சுருக்கினார்: அந்த எடையில் பாதி, முக்கால், முழுசு. பலம் கூடக் கூட எடையும் கூடும்.

இப்போது கூட்டுவதற்கும் ஓர் அளவு சொல்கிறார்கள். வைத்த இலக்கைவிட ஒன்றிரண்டு முறை அதிகமாகத் தூக்க வந்துவிட்டால் 2 முதல் 10 விழுக்காடு ஏற்றலாம் என்று 2009இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வழிகாட்டியது. 40 கிலோ தூக்குகிறவருக்கு அது ஒரு கிலோவுக்கும் குறைவிலிருந்து நான்கு கிலோ வரைதான். நம் பையன்கள் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து ஒரே நாளில் பத்து கிலோ ஏற்றி முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். வாரம் தவறாமல் இரண்டரை கிலோ என்று வைத்தாலும் ஒரு வருடத்தில் 130 கிலோ கூடவேண்டும். எந்த உடம்பு தாங்கும்? தொடக்கத்தில் எடை வேகமாக ஏறும். அப்புறம் மாதக்கணக்கில் நிற்கும். அப்போது முறையைக் கூட்டலாம், செட்டைக் கூட்டலாம், சில நாள் எடையைக் குறைத்து ஓய்வும் கொடுக்கலாம். இளவட்டக்கல்காரன் உயரத்தைக் கூட்டியது மாதிரிதான்.

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தைப் பாருங்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். பின்பு தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடையில் அடிபட்டது. பதக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாமல்தான் 2018இல் கோல்ட் கோஸ்ட் போனார். அங்கே தூக்கியது 317 கிலோ, முன்பைவிட 11 கிலோ குறைவு. அதற்கும் தங்கம்தான் கிடைத்தது.