சேர் அருள்குமரனும் சவிதாவின் மரணமும்

கல்முனையில் என் சிறுபராயத்தில் மருத்துவமாது வீடு தேடி வருவார். கர்ப்பிணியாயிருந்த உம்மாவின் வயிற்றில் சிறு குழலொன்றின் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் காதைப் பொருத்தி, கடிகாரத்தைப் பார்த்தவாறு மௌனமாயிருப்பார். அவர் கேட்டது பிறக்கவிருந்த என் தம்பியின் இதயத்துடிப்பு என்பதைப் பின்னாளிலேயே அறிந்தேன். பிரெஞ்சு மருத்துவர் பினார் 1895இல் அறிமுகப்படுத்திய குழல் அது.

அத்துடிப்பைப் பிரசவ வேளையில் சரியாக விளங்கிக்கொள்வதைத் தம் ஆய்வின் மையமாகக் கொண்டவர், யாழ்ப்பாணத் தமிழரான பேராசிரியர் சேர் சபாரத்தினம் அருள்குமரன். 1972இல் கொழும்பு மருத்துவ பீடத்தில் பட்டம் பெற்ற அவர், சிங்கப்பூரிலும் பின்னர் பிரித்தானியாவிலும் பணியாற்றினார். 1986இல் இங்கமார்சன் என்பாருடன் சேர்ந்து, சிங்கப்பூரில் 1,041 தாய்மாரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். பிரசவ வலியுடன் வரும் தாயை அனுமதித்தவுடனேயே கருவின் துடிப்பைச் சிறிது நேரம் கருவியில் பதிந்தால், ஆபத்திலுள்ள சிசுவை முன்கூட்டியே இனங்காணலாம் என்றது அந்த ஆய்வு. ஆயினும் டப்ளினில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான பேராய்வொன்று, ஆபத்துக் குறைந்த தாய்மாருக்கு இப்பதிவால் மேலதிக நன்மை இல்லை எனக் காட்டிற்று. விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொண்டே நடப்பது. அருள்குமரன் சர்வதேச மகப்பேற்று மருத்துவர் சம்மேளனத்தின் தலைவராயிருந்த காலத்தில், 2015இல் வெளியான வழிகாட்டிகளில், கருவிப் பதிவுடன் காதால் கேட்கும் பழைய முறைக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட்டது.

அவரது வாழ்வின் மிகக் கடினமான பணி ஆய்வுகூடத்துக்கு வெளியே காத்திருந்தது. 2012 அக்டோபர் 28ஆம் திகதி, அயர்லாந்தின் கால்வே நகரில் இந்தியப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவி இறந்தார். வயது 31; கர்ப்பம் 17 வாரம். கரு பிழைக்காது என்பது தெரிந்திருந்தது. கலைத்துவிடுமாறு அவர் கேட்டார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் அக்கோரிக்கை மறுக்கப்பட்டது.

விசாரணைக் குழுவுக்கு அருள்குமரன் தலைமை வகித்தார். 2013 ஜூனில் வெளியான அறிக்கை, கருவின் துடிப்பு நிற்கும்வரை காத்திருப்பதில் காட்டிய அக்கறை, தாயின் உடலில் பரவிய தொற்றைக் கண்காணிப்பதில் காட்டப்படவில்லை எனச் சுட்டியது. சட்டத்தை மீளாய்வு செய்யவும் கோரியது. சிசுவின் துடிப்பை ஆராய்ந்தவரே, தாயை மறந்து அதை மட்டும் கேட்பது கொல்லும் என்று எழுத நேர்ந்தது. 2018 மே 25ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் அயர்லாந்து மக்கள் அந்த அரசியலமைப்புத் தடையை நீக்கினர்.

நமக்கு இது தூரதேசத்துச் செய்தியன்று. இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். பிற்காலத்தில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. எனினும் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதியாத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையே இங்கு இன்னும் நடைமுறையில் உள்ளது. உயிராபத்து எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதை யார் தீர்மானிப்பது? சவிதாவுக்கு அதற்கான விடை காலந்தாழ்த்தியே கிடைத்தது.

உம்மாவின் வயிற்றிலிருந்து காதை எடுத்ததும் அந்த மருத்துவமாது அடுத்துச் செய்தது, உம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தது.