மூடிய கதவும் முட்டிய கரமும்: குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம் வரலாறு

உடலைக் காரணம் காட்டி மனிதரை விலக்கி வைக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. தொட்டால் தீட்டு என்று சொல்லிக் கோயிலையும் குளத்தையும் அடைத்தவர்கள் இங்கே இருந்தார்கள். மாதந்தோறும் பெண்ணின் மனமும் உடலும் நிலைகுலையும், ஆதலால் அவள் குத்துச்சண்டை மேடையேறத் தகாதவள் என்று வாதிட்டவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். தமக்கு உரிமம் வழங்க மறுத்த பிரித்தானியத் தொழில்முறைக் குத்துச்சண்டை வாரியத்தை எதிர்த்து ஜேன் கௌச் என்னும் வீராங்கனை வழக்குத் தொடுத்தபோது, அவ்வாரியம் எடுத்துரைத்த காரணங்களுள் இதுவும் ஒன்று. 1998ஆம் ஆண்டில் தீர்ப்பாயம் அவ்வாதத்தைத் தள்ளி அவருக்கு உரிமை வழங்கியது.

இத்தகைய கதவுகளைத் தம் கைவலிமையால் முட்டித் திறந்தவர் வரிசையில் நம் நாட்டு மங்கை ஒருவருக்குத் தனியிடம் உண்டு. அவரே மணிப்பூர் மாநிலத்தின் மேரி கோம் அம்மையார். அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். கோம் என்னும் சிறு மலைப் பழங்குடியில், உழைத்துண்ணும் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் அவர் கடந்து வந்த தடைகளை நம் வீட்டுப் பெண்மக்கள் நன்கறிவார்கள். ஆகவே அவர்தம் வரலாறு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இடம்பெறுவது பொருத்தமுடையதே.

மகளிர்க்கு அடைத்த மேடை

குத்துச்சண்டை இருவகைப்படும். பணப்பரிசுக்காக ஆடுவது தொழில்முறை. நாட்டின் சார்பிலும் மாநிலத்தின் சார்பிலும் பதக்கத்திற்காக ஆடுவது அமெச்சூர் முறை. அமெச்சூர் வீரர்க்கு ஒரு நாள் வெற்றி போதாது. ஒரே போட்டித் தொடரில் சில நாட்களுக்குள் நான்கைந்து எதிரிகளை அடுத்தடுத்து வெல்லுதல் வேண்டும். எடையும் நாள்தோறும் வரம்புக்குள் நிற்றல் வேண்டும். எதிரியை வீழ்த்துவதைக் காட்டிலும், விதிக்குட்பட்ட குத்துகளைத் தெளிவாகப் பதித்துப் புள்ளி சேர்ப்பதே இங்குப் பெரிதாகக் கருதப்படும்.

இம்முறையில் மகளிர்க்கு நெடுங்காலம் இடமில்லை. 1988இல் சுவீடன் நாட்டுச் சங்கம் பெண்களை ஏற்றது. இங்கிலாந்தின் அமெச்சூர் சங்கமோ 1880 முதல் 116 ஆண்டுகள் விதித்திருந்த தடையை 1996இல்தான் நீக்கிற்று. மகளிர்க்கான முதல் உலகப் போட்டி 2001இல் அமெரிக்காவின் ஸ்கிராண்டன் நகரில் நடைபெற்றது.

நம் சென்னை மாநகரத்தின் நிலையும் இதுவே. வடசென்னையின் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்ந்த உழைப்பாளி மக்கள் சார்பட்டா, இடியப்பா என்னும் பரம்பரைகளாய்ப் பிரிந்து குத்துச்சண்டையைப் போற்றி வளர்த்தனர். அதில் நம்மவர் பங்கு சிறிதன்று. ஆயினும் அது ஆடவர் கலையாகவே பேணப்பட்டது. அதே சென்னையில்தான் 2001 பிப்ரவரியில் மகளிர்க்கான முதல் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி நடைபெற்றது. அதில் பொற்பதக்கம் வென்றவர்களுள் மணிப்பூரிலிருந்து வந்த மெலிந்த பெண் ஒருவரும் இருந்தார்.

பிறப்பும் வளர்ப்பும்

மணிப்பூரின் சுராசாந்த்பூர் மாவட்டத்தில், லோக்தாக் ஏரியை அடுத்த மொய்ராங் நகருக்கு அண்மையில் காங்காத்தேய் என்னும் சிற்றூர் உள்ளது. 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய இராணுவம் கொடியேற்றிய மொய்ராங் இதுவே. அச்சிற்றூரில் மாங்தே தோன்பா கோம், மாங்தே அக்காம் கோம் என்னும் இணையருக்கு மூத்த மகளாக 1982இல் மேரி பிறந்தார். பெற்றோர் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள். மூத்த மகளாதலின் வயல்வேலை, விறகு சேர்த்தல், தம்பி தங்கையரைப் பேணல் ஆகிய அனைத்தும் இளமையிலேயே மேரியின் தோள்மேல் ஏறின. பிற்காலத்தில் களத்தில் காணப்பட்ட தளராத உரம் அவ்வுழைப்பில் விளைந்ததே எனலாம்.

மொய்ராங்கில் எட்டாம் வகுப்புவரை பயின்றபின், இம்பால் நகரில் ஆதிம்ஜாதி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளியிறுதித் தேர்வில் அவர் வெற்றி பெறவில்லை. நம் பகுதிகளில் இவ்வாறு தேர்வில் தவறிய பெண்ணின் கதை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும். வேலைக்கோ மணவறைக்கோ அனுப்பப்படுவாள். மேரி திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுதித் தேறி, பின்னர் சுராசாந்த்பூர் கல்லூரியில் பட்டமும் பெற்றார். பதக்கங்களின் பேரொளியில் இச்செய்தி பலர் கண்ணுக்குப் படுவதில்லை. கல்விப் பணி புரிவோர் இதனை மறத்தல் ஆகாது.

1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர் வீரர் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் பொன் வென்று திரும்பினார். அவர் பெற்ற வரவேற்பு அம்மாநிலத்து இளைஞர் பலரைக் கையுறை அணியச் செய்தது. ஓட்டத்திலும் ஈட்டியெறிதலிலும் ஈடுபட்டிருந்த மேரியும் 2000ஆம் ஆண்டில் இம்பாலில் கோசானா மெய்தேய் என்னும் பயிற்சியாளரை அணுகினார்; பின்னர் நர்ஜித் சிங்கிடமும் பயின்றார். வீட்டில் இதைச் சொல்லவில்லை. அவ்வாண்டே மாநிலப் போட்டியில் வென்றபோது செய்தித்தாளில் வெளியான படத்தைக் கண்டே தந்தையார் உண்மை அறிந்தார். முகத்தில் காயம் பட்டால் யார் மணம் புரிவார் என்று அவர் அஞ்சினார். இளமையில் மற்போர் பயின்றவரே அவர். ஆயினும் மகளென்றதும் அவர் உள்ளம் தயங்கிற்று. பின்னர் மகளின் உறுதி கண்டு இசைந்தார்.

ஐந்து பட்டங்களும் அடைத்த வாயிலும்

கையுறை அணிந்து ஈராண்டும் நிரம்பாத நிலையில் மேரி ஸ்கிராண்டன் சென்றார். 48 கிலோ பிரிவின் இறுதியாட்டத்தில் துருக்கி நாட்டு வீராங்கனையிடம் தோற்று வெள்ளி பெற்றார். அடுத்த ஆண்டு, 2002இல், துருக்கியின் அந்தாலியா நகரிலேயே 45 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். தொடர்ந்து 2005இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்க், 2006இல் புதுதில்லி, 2008இல் சீனத்தின் நிங்போ ஆகிய இடங்களில் 46 கிலோ பிரிவிலும், 2010இல் பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுனில் 48 கிலோ பிரிவிலும் பட்டம் அவருடையதாயிற்று. வலக்கையை முன்னிறுத்தி இடக்கையால் தாக்கும் நிலையும், விரைந்து புகுந்து குத்திவிட்டு எதிரி கைநீட்டுமுன் விலகும் கால்வேகமும் அவருடைய படைக்கலங்கள்.

புதுதில்லிப் போட்டியில் இந்திய மகளிர் நால்வர் உலகப் பட்டம் பெற்றனர். ஆகவே இது ஒருவரின் தனித்திறம் மட்டுமன்று. வாய்ப்பு வந்ததும் எழுந்து நின்ற ஒரு தலைமுறையின் வரலாறு.

இடையே 2005இல் ஆன்லர் கோம் அவர்களை மணந்தார். 2007இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். இனி இவர் களமிறங்கார் என்று பலர் முடிவு கட்டினர். 2008இல் குவாஹாத்தியில் நடந்த ஆசியப் போட்டியில் வெள்ளி பெற்று, அவ்வாண்டே நிங்போவில் பொன் வென்று அவர் விடை கூறினார். கணவர் குழந்தைகளைப் பேணும் பொறுப்பை மேற்கொண்டு துணை நின்றார் என்பதையும் இங்குக் குறித்தல் தகும். மனைவியின் வளர்ச்சிக்காக அடுப்படிப் பொறுப்பை ஏற்கும் ஆடவர் நம்மிடையே எத்தனை பேர்?

இத்தனை வெற்றிகளுக்கிடையே ஒன்று அவர் கைக்கெட்டாமலே இருந்தது. அது ஒலிம்பிக். மகளிர் குத்துச்சண்டையைப் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை ஒலிம்பிக் குழு 2005இல் ஏற்கவில்லை. 2009 ஆகஸ்டில்தான் இலண்டன் ஒலிம்பிக்கில் சேர்க்க முடிவாயிற்று. அம்முடிவு வருமுன்பே மேரி நான்கு முறை உலகப் பட்டம் பெற்றிருந்தார்! அவருடைய திறமையில் குறையில்லை. அத்திறமை நுழைவதற்கு வாயில் இல்லை. “தகுதி இருந்தால் தானே முன்னேறலாமே” என்று நம்மை நோக்கிக் கூறுவோர்க்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுவதில்லை.

கதவு திறந்தபோதும் முழுவதும் திறக்கவில்லை. இலண்டனில் ஆடவர்க்குப் பத்து எடைப் பிரிவுகள், மகளிர்க்கு மூன்றே. ஆடவர் 250 பேர். மகளிர் 36 பேர். மூன்று பிரிவுகளுள் தாழ்ந்தது 51 கிலோ. 46 கிலோவிலும் 48 கிலோவிலும் உலகை வென்றவர், தம்மினும் உயரமும் எடையும் மிக்க மங்கையரோடு மோத வேண்டியதாயிற்று. இச்சிறு எண் வேறுபாடு குத்துச்சண்டையில் பெரிது. எடை கூடினால் கைந்நீளம் கூடும். குத்தின் கனம் கூடும். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 51 கிலோவில் வெண்கலமே கிடைத்தது.

இலண்டன் 2012

இலண்டனுக்குத் தகுதி பெறுவதும் எளிதாக அமையவில்லை. 2012 மே மாதம் சீனத்தின் சின்ஹுவாங்தாவோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டியின் காலிறுதியில் இங்கிலாந்தின் நிகோலா ஆடம்சிடம் மேரி தோற்றார். தம்மை வென்ற ஆடம்சு அடுத்த சுற்றிலும் வென்றதனாலேயே மேரிக்கு ஒலிம்பிக் இடம் உறுதியாயிற்று.

ஆகஸ்டு 5ஆம் நாள் முதல் ஆட்டம். இரட்டை மக்களின் ஐந்தாம் பிறந்தநாளும் அன்றே. போலந்தின் கரோலினா மிகால்சுக்கை 19–14 என்னும் புள்ளிக் கணக்கில் வென்றார். காலிறுதியில் துனீசிய வீராங்கனையை 15–6 என வென்றார். ஆகஸ்டு 8ஆம் நாள் அரையிறுதியில் எதிரே நின்றவர் மீண்டும் ஆடம்சு. 11–6 என்னும் கணக்கில் மேரி தோல்வியுற்றார். அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் வழங்குவது அமெச்சூர் குத்துச்சண்டையின் மரபு. அவ்வாறு அவர் மார்பில் ஒலிம்பிக் பதக்கம் அணியப்பட்டது. லீட்ஸ் நகரின் கறுப்பினப் பெண்ணான ஆடம்சு இறுதியிலும் வென்று, ஒலிம்பிக் குத்துச்சண்டையில் பொன் பெற்ற முதல் மகளாக விளங்கினார். நெடுநாள் விலக்கப்பட்ட மேடையில் ஒரு கறுப்பினப் பெண்ணும் ஒரு மலைப் பழங்குடித் தாயும் எதிரெதிர் நின்ற காட்சி, வெற்றி தோல்விக்கு அப்பாற்பட்ட சிறப்புடையது.

பிற்காலமும் ஒரு பாடமும்

2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 51 கிலோ பிரிவில் பொன் வென்று, அச்சிறப்பை எய்திய முதல் இந்திய வீராங்கனையானார். 2018இல் கோல்டு கோஸ்டு காமன்வெல்த் விளையாட்டிலும் பொன். அவ்வாண்டு நவம்பரில், முப்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், புதுதில்லியில் உக்ரைன் வீராங்கனையை வென்று ஆறாவது உலகப் பட்டத்தைக் கைக்கொண்டார். 2019இல் உலான் உடே நகரில் பெற்ற வெண்கலத்தோடு உலகப் போட்டிகளில் அவர் பதக்கங்கள் எட்டாயின: பொன் ஆறு, வெள்ளி ஒன்று, வெண்கலம் ஒன்று. அர்ஜுனா விருது, கேல் ரத்னா, பத்மஸ்ரீ, பத்மபூஷண், 2020இல் பத்மவிபூஷண் எனச் சிறப்புகள் வந்தடைந்தன. 2016 முதல் 2022 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்தார்.

வரலாறு எழுதுவோர் புகழ்மாலை மட்டும் தொடுத்தல் முறையன்று. டோக்கியோ ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு மேரியைத் தேர்வாட்டமின்றியே அனுப்பச் சம்மேளனம் எண்ணியபோது, தெலங்கானாவின் இளம் வீராங்கனை நிகத் ஜரீன் தமக்கும் வாய்ப்பு வேண்டுமெனக் கேட்டார். 2019 டிசம்பரில் தேர்வாட்டம் நடந்தது. மேரியே வென்றார், ஆயினும் ஆட்ட முடிவில் இளையவரோடு கைகுலுக்காமல் சென்றது பலரை வருத்திற்று. 2021இல் டோக்கியோவில் கொலம்பிய வீராங்கனையிடம் இரண்டாம் ஆட்டத்தில் மேரி தோற்றார். 2022இல் முழங்கால் காயத்தால் காமன்வெல்த் தேர்வாட்டத்தினின்று விலகினார். அவ்வாண்டே நிகத் உலகப் பட்டம் வென்றார். வென்றவர் தமக்குப்பின் வருவோர்க்கும் முறையான போட்டியை அஞ்சாது வழங்க வேண்டும் என்பதே இதன் பாடம். இதனால் மேரியின் பெருமை குறையாது. இம்பாலில் அவர் நிறுவிய பயிற்சிக் கழகத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் கையுறை அணிந்து பயின்றுள்ளனர் என்பதே அவர் உள்ளத்தைக் காட்டும்.

நாம் கொள்ள வேண்டுவன

அண்ணல் அம்பேத்கர் கல்வியை முதலில் வைத்தார். ஆயினும் கல்வி என்பது ஏட்டோடு முடிவதன்று. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் குனிந்த முதுகு நிமிர்வதும் கல்வியே. நம் பெண்மக்கள் உடல் வலிமையில் எவர்க்கும் இளைத்தவரல்லர். நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் அதனை மெய்ப்பித்து வருகின்றனர். அவ்வலிமைக்குப் பெயரும் பதக்கமும் தரும் களம்தான் அவர்களுக்குக் கிட்டவில்லை.

ஆகவே வெள்ளி விழா காணும் நம் சங்கத்தாருக்கு இரு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, பெண்கள் விடுதிகளில் மாலையில் ஒரு மணி நேரம் விளையாட்டுக்கென ஒதுக்குக. சமையலறை வேலை அந்நேரத்தை விழுங்க விடாதீர்கள். இரண்டாவது, ஒரு தேர்வில் தவறிய மாணவியின் உதவித் தொகையை நிறுத்தாதீர்கள். மறுமுறை எழுதித் தேறும்வரை அவள் இடம் அவளுக்கே இருக்கட்டும். பள்ளியிறுதியில் தவறிய ஒருத்தி பின்னாளில் பட்டதாரியாகி, ஆறுமுறை உலகை வென்று, நாடாளுமன்றத்திலும் அமர்ந்தாள் என்பதை நாம் கண்டோம். நம் விடுதியில் இன்று தேர்வு முடிவுக்கு அஞ்சி நிற்கும் பெண்ணை வீட்டுக்கு அனுப்புமுன் இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.