மண்ணுக்கு மானியம்: பணம் யாருக்கு?

அமெரிக்க உழவர்க்கான மண்வளப் பாதுகாப்பு மானியம் புழுதிப் புயல்களால் மட்டும் பிறந்ததன்று. அதில் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பங்குண்டு.

விளைபொருள் விலை சரிந்தபோது, 1933ஆம் ஆண்டின் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் சாகுபடிப் பரப்பைக் குறைப்போருக்குப் பணம் வழங்கியது. அவ்வாண்டில் ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. ஒப்பந்தம் நிலவுடைமையாளரோடு செய்யப்பட்டதால் பணமும் பெரும்பாலும் அவரிடமே தங்கியது. ஆர்கன்சா மாநிலத்தின் பாய்ன்செட் மாவட்டத்தில் வாரச் சாகுபடியாளர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1934 ஜூலையில் அம்மாவட்டத்தின் டைரான்சாவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இணைந்து தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினர்.

1936 ஜனவரி 6 அன்று, பட்லர் வழக்கில், வேளாண் உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது மாநிலங்களுக்குரிய அதிகாரம் என்று கூறி உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் செல்லாததாக்கியது. 54 நாட்களில், பிப்ரவரி 29 அன்று, மண் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமானது. பருத்தி, கோதுமை, மக்காச்சோளம், புகையிலை ஆகியவை மண்ணை நலிவிக்கும் பயிர்கள் எனப்பட்டன. பயறுவகைகளும் புல்லும் மண்ணைக் காப்பவை எனப்பட்டன. முன்னதைக் குறைத்துப் பின்னதை வளர்த்தவர்க்கு மானியம் கிடைத்தது. சந்தையில் உபரியாக இருந்த பயிர்களே மண்ணுக்கும் பகையாகக் குறிக்கப்பட்டன என்பது கவனத்துக்குரியது.

1985ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம், அரிப்புக்குள்ளாகும் நிலத்தைச் சாகுபடியிலிருந்து விலக்கி வைக்க 10 முதல் 15 ஆண்டுகள் வரை ஆண்டு வாடகை வழங்கியது. மண் அரிப்பு குறைந்தது உண்மையே. ஆயினும் ஏக்கரை அளந்து தரும் பணம் நிலம் உடையவரையே சென்றடையும். நிலத்துக்கு ஓய்வு கிடைக்கும்போது அதில் உழைத்தவருக்கு என்ன கிடைக்கிறது? பாய்ன்செட் உழவர்கள் அன்று எழுப்பிய இக்கேள்வி மானிய வரலாற்றின் மையத்தில் நிற்கிறது.