பொத்தானின் வீடு

பழைய பேட்டர்ன் தாள்களை வைத்து வீட்டிலேயே சட்டையும் கவுனும் தைத்துப் பார்க்கிறவர்களுக்குக் காலர் நிற்கவில்லை, கை ஏறவில்லை என்பதெல்லாம் தொடக்கத்துக் கவலை. அதையெல்லாம் பழகித் தாண்டியவர்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் காஜா. கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்துத் தையல்கடைகளில் இதைப் பார்க்கலாம். மற்றதெல்லாம் தைத்து முடித்த சட்டை ஒன்று துணிப்பையிலிருந்து வெளியே வரும்.

“அண்ணா, காஜா மட்டும் போட்டுக் குடுத்தர்றீங்களா?”

“கைக்காஜா போடோணுமுங்களா, மிஷின்ல போட்டாப் போதுமுங்களா அக்கா?”

பொத்தான் நுழைகிற துளை, ஓரம் பிசிராமல் நூலால் கட்டப்பட்டது: இதுதான் காஜா. பாடப் புத்தகம் இதைப் ‘பொத்தான் துளை’ என்கிறது. கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. துளை என்றால் எலி கடித்தாலும் துளைதான். காஜா ஒருவர் உட்கார்ந்து எடுத்தது.

சொல் போர்த்துக்கீசியம். அந்த மொழியில் ‘காசா’ என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் இடத்தையும் அவர்கள் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். காஜா எடுக்கும் வேலைக்கு ‘காசெயார்’ என்று ஒரு வினைச்சொல்லே வைத்திருக்கிறார்கள். எழுத்தில் ‘ச’ போலத் தெரிந்தாலும், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே அது ஆங்கில இசட் போல அதிரும். அந்த ஒலி தமிழில் கிடையாது. அருகில் இருந்த ‘ஜ’வில் ஏற்றிவிட்டோம். ‘மேசா’ நம்மிடம் மேஜை ஆனதும் இதே வழியில்தான்.

கோவாவைச் சேர்ந்த பாதிரியார் செபாஸ்தியாவோ ரொதோல்ஃபோ தல்காது, ஆசிய மொழிகளில் புகுந்த போர்த்துக்கீசியச் சொற்களைத் திரட்டி 1913இல் ஒரு நூல் வெளியிட்டார். 1936இல் அதன் ஆங்கில வடிவம் வந்தது. அதில் பொத்தான் துளைக்கான இந்தக் ‘காசா’வுக்குத் தனி இடம் உண்டு. மராத்தியிலும் இந்தியிலும் ‘காஜ்’, குஜராத்தியில் ‘காஜ்’ என்பதன் முதல் எழுத்தை மட்டும் ‘கங்கை’ போல அழுத்தி ஒலித்தால் வரும் சொல். ஆர்.எஸ்.புரத்தில் தலைமுறைகளாக வாழும் குஜராத்தி, மார்வாடிக் குடும்பத்தார் கடைக்கு வந்து ‘காஜ் பட்டன்’ என்று கேட்டால், தமிழ் மட்டுமே தெரிந்த டெய்லருக்கும் அது உடனே விளங்கிவிடுகிறது. வங்காளிகள் மட்டும் வேறு வேலை செய்தார்கள். பொத்தானுக்குப் போர்த்துக்கீசியச் சொல்லையே ‘போதாம்’ என்று எடுத்துக்கொண்டு, வீட்டை மொழிபெயர்த்துப் ‘போதாம் கர்’ ஆக்கிவிட்டார்கள். கர் என்றால் அவர்களுக்கு வீடு.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேறு இரண்டு மூலங்களைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தையல்காரர்களில் முஸ்லிம்கள் பலர் இருந்ததால், காஜா மொய்தீன் என்கிற பெயரிலிருந்தே கடையில் காஜா எடுக்கும் சிறுவனுக்குக் ‘காஜா பையன்’ என்ற பெயர் வந்தது என்பது ஒன்று. பெயரில் வரும் காஜா பாரசீகத்தின் ‘க்வாஜா’. பெரியவர், எஜமான் என்று பொருள். கடையில் எல்லாருக்கும் கீழே உட்கார்ந்திருந்த பையனுக்கும் அந்தப் பட்டத்துக்கும் தொடர்பில்லை. ஆந்திரத்துக் காஜா என்கிற இனிப்பு மடிப்பு மடிப்பாகத் துணி போல இருப்பதால் அதுதான் மூலம் என்பது இன்னொன்று. சாப்பிடச் சுவையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, போர்த்துக்கீசியச் சொல் நம்மிடம் எந்த வழியாக வந்தது? என் கணிப்பு, துறைமுகங்களிலிருந்து நேராக. வடக்கே போன சொல் கடைசி உயிரை உதிர்த்துவிட்டுக் ‘காஜ்’ என்று நின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அந்த உயிரை விடவில்லை. மராத்தித் தையல்காரர்கள் வழியாக மட்டும் வந்திருந்தால் நாமும் ‘காஜு’ என்று சொல்லி முந்திரிப் பருப்போடு குழம்பியிருப்போம். போர்த்துக்கீசியர் 1503 முதல் 1663 வரை கொச்சியில் கோட்டை வைத்திருந்தார்கள். கிழக்கே நாகப்பட்டினத்திலும் சாந்தோமிலும் குடியேறியிருந்தார்கள். கொச்சியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயமுத்தூருக்கு மலையேறாமலே வந்துவிடலாம். சரக்கு வந்த பாதையில் சொல்லும் வருவது வழக்கம்.

சிலப்பதிகாரத்துப் புகாரிலேயே துன்னகாரர் இருந்தார்கள். துன்னம் என்றால் தையல். ஆனாலும் உடம்பில் துணியை நிறுத்த நாம் பெரும்பாலும் நம்பியது சுற்றும், செருகும், முடிச்சும், நாடாவும்தான். துணியில் துளைபோட்டு அதற்குள் பொத்தானை நுழைக்கும் ஏற்பாடு ஐரோப்பாவிலேயே 13ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆகவே இங்கே பொத்தானும் காஜாவும் எந்தப் பழைய சொல்லையும் தள்ளிவிட்டு உட்காரவில்லை. பொருளோடு சேர்ந்தே வந்தன. பொத்தானைப் ‘பொத்து’ என்கிற வினையோடு சேர்த்துத் தமிழாக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ‘பொத்தாவ்ங்’ என்று மூக்கில் முடியும் போர்த்துக்கீசியச் சொல்லின் வால்தான் நமக்கு ‘ஆன்’ ஆகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் காற்சட்டையைக் களிசான் என்பதும் இப்படி வந்ததே.

பின்னால் ஆங்கிலம் வந்தது. டெய்லர், மாஸ்டர், கட்டிங், காலர், கஃப், பாக்கெட் என்று தையல்கடை முழுக்க அதன் கைக்குப் போயிற்று. பொத்தான்கூடப் பேச்சில் பட்டன் ஆகிவிட்டது. காஜா மட்டும் அசையவில்லை. ‘காஜா பட்டன்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் இணையில் முதல் பாதி போர்த்துக்கீசியம், மறுபாதி ஆங்கிலம்.

ஏன் இது மட்டும் தப்பியது என்பதற்குக் கடையில் யார் என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்தால் போதும். அளவெடுப்பதும் வெட்டுவதும் மாஸ்டர் வேலை. வாடிக்கையாளரோடு பேசுகிறவர் அவர்தான். நாகரிகமான புதுச் சொற்கள் அவர் வாயில் முதலில் ஏறின. தொழில் பழக வந்த சிறுவனுக்குக் கிடைத்தது காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும், பிறகு எம்மிங். மிஷினில் கால் வைக்கும் நாள் அதற்கப்புறம்தான் வரும். அவனுக்குப் பெயரே காஜா பையன். ஒரு காஜா பையன் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்த சொல்லை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. சட்டை போட்டுக்கொண்ட கனவானுக்கு அந்தச் சொல் தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

பேட்டர்ன் தாள் வந்த வழி வேறு. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863இல் அளவு வாரியான காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். மெல்லிய டிஷ்யூ தாள். ஆரம்பத்தில் அச்சுக்கூடக் கிடையாது, குறிகளெல்லாம் குத்திய துளைகள்தான். இப்படிப்பட்ட தாள்களும் ஆங்கிலப் பத்திரிகைகளின் பின்னல் குறிப்புகளும் கான்வென்ட் வழியாகவும், வெளிநாட்டுக்குப் போய்வந்த உறவினர் பெட்டி வழியாகவும் வீட்டுக்கு வந்தன. மொழி முழுக்க ஆங்கிலம். அதனால்தான் அந்தத் தாளை வைத்துத் தைக்கும் வீட்டுப் பெண் ‘பட்டன்ஹோல்’ என்கிறார். தெருமுனைக் கடை ‘காஜா’ என்கிறது. பழைய தாளை எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1940களின் அமெரிக்கத் தாளில் 14 என்று போட்டிருந்தால் மார்பளவு 32 அங்குலம். இன்றைய ஆயத்த ஆடையின் 14 அதைவிட எவ்வளவோ பெரியது. நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால் முடிந்தது. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் உண்மையான பழைய பேட்டர்ன் அதுதான்.

கைக்காஜா எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். பொத்தானின் குறுக்களவோடு அதன் தடிமனையும் சேர்த்து நீளம் குறித்துக்கொள்வார்கள். துணியை மடித்து நுனிக் கத்தரியால் ஒரே வெட்டு. நூலைத் தேன்மெழுகில் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. வெட்டின் இருகரையிலும் நூலோட்டம் கொடுத்துப் பிடித்து, பிறகு ஊசியைக் குத்தி, நூலை ஊசிமுனைக்குக் கீழே சுற்றி இழுக்கவேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு சிறு முடிச்சு விழும். அந்த முடிச்சு துணியின் மேல் விழக்கூடாது, வெட்டின் உதட்டில் சரியாக உட்காரவேண்டும். பொத்தான் நாள்தோறும் உரசப்போவது அங்கேதான். முடிச்சுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றால் நல்ல கை; இடைவெளி தெரிந்தால் மாஸ்டர் பிரிக்கச் சொல்லிவிடுவார். சட்டைப் பட்டியில் காஜா நெடுக்காக நிற்கும். காலரின் கழுத்துப் பட்டையில் மட்டும் படுத்திருக்கும், அங்கே இழுவை பக்கவாட்டில் வருவதால்.

மிஷின் இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. கை முதலில் வெட்டிப் பிறகு தைக்கிறது. மிஷின் பெரும்பாலும் முதலில் தைத்துப் பிறகு நடுவில் கத்தியை இறக்குகிறது. பாஸ்டனில் ஜான் ரீஸ் 1881இல் காஜாவுக்கென்றே ஒரு மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். வீட்டு மிஷினுக்கு வந்தது சிங்கரின் காஜா இணைப்பு: ஊசி நேராகவே இறங்கும், மிஷினில் மாட்டிய பெட்டி துணியை இடமும் வலமும் ஆட்டும், உள்ளே வைத்த தகடு காஜாவின் நீளத்தைத் தீர்மானிக்கும். பாட்டியின் மிஷின் டிராயரில் கைப்பிடி அளவில் விளங்காத இரும்பு ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன் சிறு சிறு தகடுகளும் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வீட்டு மிஷினில் காஜா எடுத்தபின் பிரிக்கும் ஊசியால் நடுவைத் திறக்கும்போது மறுமுனைக்குக் குறுக்கே ஒரு குண்டூசி குத்திவைப்பது நல்லது. இல்லாவிட்டால் கை ஒரு நொடியில் கரையைத் தாண்டிவிடும்.

இன்று காஜா பையன்கள் அநேகமாக இல்லை. சின்னக் கடைகள் சட்டைகளைச் சேர்த்துவைத்து, காஜாவுக்கென்றே மிஷின் போட்டிருக்கும் இடத்துக்கு அனுப்பி வாங்கிக்கொள்கின்றன. சொல் திருப்பூருக்குக் குடிபோய்விட்டது. பனியனுக்குக் காஜா வேண்டாம். ஆனால் காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கு வேண்டும். கம்பெனி வாசல்களில் ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் டெய்லர், செக்கிங், கைமடி என்று ஆள் கேட்கும் பலகைகளில் ‘காஜா பட்டன்’ ஒரு வரியாக இருக்கிறது. பீகாரிலிருந்து வந்து சேர்கிற தொழிலாளி கைமடி என்ன, பிசிர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காஜாவை மட்டும் அவர் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், கடைசி உயிர் இல்லாமல்.