மோட்டோகிராஸ் கண்ணாடி வந்த கதை

பைக் ஓட்டும்போது கண்ணில் ஒரு சின்னப் பூச்சி விழுந்தாலே கை தடுமாறும். மோட்டோகிராஸ் பந்தயத்தில் முன்னால் போகும் வண்டியின் பின்சக்கரம் வாரி இறைப்பது பூச்சியை அல்ல, கூழாங்கல்லையும் சேற்றையும்! அப்படிப்பட்ட பந்தயத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி வருவதற்குக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆனது.

1924-ல் இங்கிலாந்தின் கேம்பர்லி என்ற ஊரில் கரடுமுரடான நிலத்தில் நடந்த 'ஸ்க்ராம்பிள்' பந்தயத்தைத்தான் இந்த விளையாட்டின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். மோட்டோகிராஸ் என்ற பெயர் பிரெஞ்சுக்காரர்கள் தந்தது. 1957-ல் அது உலக சாம்பியன் பட்டத்துக்கான பந்தயமாகவும் உயர்ந்தது.

அந்தக் கால வீரர்கள் அணிந்தது விமானிகள் போடும் மாதிரியான கண்ணாடி. அதில் மூன்று தொல்லைகள். பக்கவாட்டில் பார்வை குறுகும். கல் பட்டால் கண்ணாடி உடைந்து கண்ணுக்கே ஆபத்து. மூச்சுக்காற்றால் உள்ளே பனி படியும். சேறு அப்பிவிட்டால் கண்ணாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு வெறும் கண்ணோடு ஓட்டியவர்களும் உண்டு.

தீர்வு பந்தயத் திடலில் இருந்து வரவில்லை. 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியாகப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை உருவாக்கினார்கள். கண்ணாடி போலத் தெளிவானது, ஆனால் கல் பட்டால் சிதறாது. 1965-ல் பாப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பனிச்சறுக்குக்காக இரட்டை லென்சும் காற்றோட்டமுள்ள நுரைப்பஞ்சும் வைத்த கண்ணாடியைச் செய்தார். பனி படியும் தொல்லை பெருமளவு குறைந்தது.

1966-ல் ஸ்வீடன் சாம்பியன் டோர்ஸ்டன் ஹால்மன் அமெரிக்கா சென்று ஓட்டிக் காட்டிய பிறகு அங்கே இந்த விளையாட்டு சூடுபிடித்தது. சந்தை உருவானதும் சரக்கும் வந்தது. பனிச்சறுக்குக் கம்பு தயாரித்து வந்த ஸ்காட் நிறுவனம் 1970-ல் மோட்டோகிராஸுக்கென்றே ஒரு கண்ணாடியை வெளியிட்டது. 1975-ல் 300 டாலர் முதலீட்டில் பைக் கைப்பிடி விற்கத் தொடங்கிய ஜிம் ஜன்னார்டின் ஓக்லி, 1980-ல் 'ஓ ஃப்ரேம்' கண்ணாடியைக் கொண்டுவந்தது. அதே ஓக்லியை 2007-ல் லக்சோட்டிகா நிறுவனம் வாங்கிய விலை சுமார் 210 கோடி டாலர்!

ஹெல்மெட்டிலேயே முகக்கண்ணாடி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். மேடு பள்ளத்தில் ஓட்டுபவருக்கு மூச்சு வாங்கும், முகத்துக்குக் காற்று வேண்டும். தூசியோ கண்ணுக்குள் புகக்கூடாது. அதனால் முகம் திறந்தும் கண் மூடியும் இருக்கும் ஏற்பாடே நிலைத்தது. சேற்றுக்குத் தனி வழி கண்டார்கள். லென்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை அடுக்கி ஒவ்வொன்றாகக் கிழித்தெறிவது 'டேர் ஆஃப்'. கயிற்றை இழுத்தால் சுருளில் இருந்து புதுப் படலம் வருவது 'ரோல் ஆஃப்'. கிழித்த தாள்கள் நிலத்தில் குப்பையாகச் சேர்வதால் ரோல் ஆஃப் முறையை விரும்புபவர்களும் இருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு இந்த வரலாறே வழிகாட்டி. லென்ஸ் பாலிகார்பனேட்தானா, ஐரோப்பியத் தரமான இஎன் 1938 குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்த ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது அவசியம். நுரைப்பஞ்சு முகத்தில் இடைவெளியில்லாமல் பதிய வேண்டும், சட்டம் மூக்கை அழுத்தக்கூடாது. மர நிழலிலும் மாலை வெளிச்சத்திலும் ஓட்டுபவர்களுக்கு நிறமில்லாத லென்ஸே நல்லது. பாலிகார்பனேட்டில் எளிதில் கீறல் விழும், எனவே தூசியோடு துடைக்காமல் தண்ணீரில் கழுவ வேண்டும். பெட்ரோல் துணியால் துடைக்கவே கூடாது.

ஹெல்மெட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கண்ணுக்குச் சாலையோரக் கூலிங் கிளாஸ் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கீறிய லென்சைக் கடையில் மாற்றிவிடலாம், கண்ணை மாற்ற முடியாது.